மூணு டாலர் நோட்டு

சன்னலோரம் நீங்களே ஒக்காந்துக்குங்க தம்பி. எனக்கு இன்னிக்கு வேடிக்கை பாக்கறதுக்கெல்லாம் தெம்பில்லீங்க. வெடியால நாலு மணிக்கு எந்திரிச்சது. உடுமலையிலிருந்து காரு புடிச்சு, ஊட்டுக்காரிய ஏர்போர்ட்டுல தாட்டிவிட்டுட்டு, காரை அப்பவே அனுப்பிச்சுட்டேன். ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க காரு? டவுன் பஸ்ஸேறி உக்கடம் வந்து, டீக்கடை பெஞ்சுல ரெண்டு மணி நேரம் சும்மா ஒக்காந்துருந்துட்டு, இப்பத்தான் இந்தப் பழனி வண்டில ஏறுனேன்.

அமெரிக்காவுக்குத்தானுங்க போறா. என்ற மக பிருந்தா அங்க இருக்கறா. ரெண்டாவது பிரசவம். பெத்தவ போயி அஞ்சாறு மாசம் இருந்து பாக்கோணுமில்லீங்களா. நானா? எனக்கு டிக்கெட் போடலீங்க. மொதப் பிரசவத்துக்கு ரெண்டு பேருத்துக்கும் போட்டாங்க. இந்தத் தடவ ஊட்டுக்காரி துளசிமணிக்கு மட்டுந்தான். என்ன காரணம்னா ஒரு மூணு டாலரு. மூணு டாலருக்காவ, பெத்த அப்பன்கிட்ட ரெண்டு வருசமாப் பேசாத மகள நீங்க எங்கயாச்சும் பாத்துருக்கறீங்களா தம்பி? நான் பாத்துட்டேன்.

மூணு டாலர்ல நோட்டே கெடயாதேன்னு பாக்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. இருந்துச்சுங்க. நூத்தறுவது, நூத்தெழுவது வருசத்துக்கு முந்தி அந்த நாட்டுல சர்க்கார் நோட்டுன்னு ஒண்ணு கெடயாது. ஊருக்கு ஊரு பேங்கு வெச்சுருந்தவன் அவனவன் பேருல நோட்டடிச்சுக்கிட்டான். இப்ப உடுமலைல ஒரு பேங்குக்காரன் நோட்டடிச்சு விட்டு, அது உடுமலைக் கடைவீதில செல்லுது, தாராபுரம் போனா ரூவாய்க்குப் பத்தணாத்தான் தருவேங்கறான்னு வெச்சுக்குங்க. அதாட்டத்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சுன்னு அவனவன் இஷ்டத்துக்குப் போட்டுருக்கறான். பின்பக்கம் வெறும் வெள்ளக் காயிதம். முன்பக்கம் படம் போட்டு, அந்தூருப் பேரு போட்டு, கேஷியரும் தலைவரும் ஒவ்வொரு நோட்டுலயும் மசியத் தொட்டுக் கையெழுத்துப் போடோணும். நம்பருங்கூடக் கையால எழுதறதுதான். பேங்கு படுத்துச்சுன்னா நோட்டும் படுத்துரும். மிச்சம் மீதி எங்கயாச்சும் பெட்டிக்கடியில கெடந்தாத்தான் உண்டு.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னா, நான் பழைய நோட்டுச் சேக்கறவனுங்க. சென்னியப்பன்னு சொன்னா கோயமுத்தூர்ல நாணயக் கண்காட்சி போடறவங்களுக்குத் தெரியும். ஒரு பஸ் கம்பெனி ஆபீசுல முப்பத்தோரு வருசம் கேஷியரா இருந்தேன். கண்டக்டருங்க வசூலக் கொண்டாந்து கொட்டுவாங்க. ஈரம், கசங்கல், எண்ணெய், வெத்தலச் சாறு, எல்லாம் இருக்கும். அதுக்குள்ள எப்பவாச்சும் ஒரு நோட்டு கண்ணுல படும். பழைய கையெழுத்து, விசேசமான நம்பரு. அதை எடுத்துக்குவேன். எடுத்த நிமிசமே அதுக்குச் சமமா என்ற சட்டப் பைல இருந்து ஒண்ண எடுத்து உள்ள வெச்சுருவேன். மொதலாளிக்கே தெரியும். "சென்னியப்பன் எடுத்தா எடுத்த எடம் காலியா இருக்காது"ன்னு சொல்லுவாரு. முப்பத்தோரு வருசத்துல ஒத்தப் பைசா கொறஞ்சதில்லீங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் திருடனில்லைன்னு நீங்க மொதல்ல தெரிஞ்சுக்கோணும்.

மொதப் பிரசவத்துக்குப் போனமுங்களா. ஒஹையோங்கற மாகாணத்துல ஹார்லன் ஃபெரின்னு ஒரு சின்ன ஊரு. மாப்ளைக்குப் பக்கத்துல ஒரு கம்பெனில வேலை. போயி எறங்குன அன்னிக்கே, கைச்செலவுக்கு வெச்சுக்குங்க மாமான்னு ஒரு நூறு டாலர் நோட்டக் குடுத்தாரு. நல்ல புள்ளைங்க. அதைக் கொறை சொல்லக்கூடாது.

ஆனா எனக்கு அங்க என்னங்க வேலை? துளசிமணிக்கு ஒரு நாளைக்கு இருவது மணி நேரம் போதாது. பத்தியச் சோறு வடிக்கறது, புள்ளைக்கு எண்ணெய் தேச்சுத் தண்ணி ஊத்தறது, தாயிக்காரிக்கு ஒத்தடம் குடுக்கறது, துணி மடிக்கறது. எனக்கொரு காப்பி வேணும்னா ரெண்டு தடவ கேக்கோணும். நான் என்ன பாத்தேன், என்ன படிச்சேன்னு ராத்திரி சொல்ல வந்தா, ஒக்காந்த எடத்துலயே தூங்கிருவா. மனுசனுக்கு ஒரு பேச்சுத்தொண வேண்டாமுங்களா. அந்த ஆறு மாசமும் நான் பட்ட தனிமை எனக்குத்தான் தெரியும்.

அப்பறம் ஊரு லைப்ரரில ஒரு நோட்டீசு பாத்தேன். மாசத்துல ரெண்டாவது செவ்வாக்கெழம, பழைய காசு சேக்கறவங்க கூட்டம். போனேன். ஆறேழு கெழவனுங்க, ஒரு கெழவி. அங்கதான் லாயிட்டு எனக்குப் பழக்கமானாரு. எழுவத்தெட்டு வயசு. பள்ளிக்கூட பஸ்ஸு ஓட்டி ரிட்டயர் ஆனவரு. நான் பஸ் கம்பெனின்னதும் எந்திரிச்சு வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. எனக்கு இங்கிலீசு அரைகொறை. ஆனா நோட்டு விசயத்துல எனக்கும் அவருக்கும் பேச்சு தட்டுனதே இல்லை.

அவருகிட்டத்தான் அதை மொத மொதப் பாத்தேன். ஹார்லன் ஃபெரி பேங்கு, மூணு டாலரு. ஒரு பொம்பள முக்காலி போட்டு ஒக்காந்து மாட்டுல பால் கறக்கறா. மாடு திரும்பி அவளப் பாக்குது. மாட்டுக் கண்ணுல அவ்வளவு உசுருங்க. அந்தப் பேங்கு மூணே வருசத்துல மூடிப்போச்சு. அந்தூரு நோட்டுல மிஞ்சுனது இது ஒண்ணுதான், வேற யாருகிட்டயும் இருக்கறதாத் தெரியலைன்னாரு. கீழ மங்குன செம்மசில கேஷியரு கையெழுத்து. அந்தக் கேஷியரு யாருன்னா, லாயிட்டுக்குப் பாட்டனுக்குப் பாட்டன். ஒரு கேஷியரு கையெழுத்த இன்னொரு கேஷியரு பாக்கறான். அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரலீங்க.

குடுக்கறீங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. என்ற கைல இருக்கற எல்லாத்தையும் தர்றேன்னேன். அதுக்கும் சிரிச்சாரு. நாலு தடவையோ அஞ்சு தடவையோ கேட்டுருப்பேன். பிளாஸ்டிக் உறையோட கையில குடுப்பாரு, பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தரோணும். அவருக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ளகுட்டி இல்ல. உங்களுக்கப்பறம் இது யாருக்குங்கன்னு ஒருநாள் கேட்டேன். அதுக்கு மட்டும் அவரு சிரிக்கலீங்க.

அப்பத்தான் பேச்சுவாக்குல நம்மூரு வழக்கம் ஒண்ணச் சொன்னேன். பொறந்த கொழந்தைய மொதத் தடவ பாக்க வர்றவங்க கொழந்த கையில காசு வெப்பாங்கன்னு. சும்மாத்தானுங்க சொன்னேன். அடுத்த வாரமும் ஒருதடவ சொன்னேன், அவருக்குக் காது சித்த மந்தம். கொழந்தைக்கு வெக்கற காசு அது பொறந்த ஊர்க் காசா இருந்தா நெம்ப விசேசம்னும் சொன்னேன். அப்படியொரு வழக்கம் நமக்கு இல்லீங்கதான். ஆனா இருந்தாத் தப்பில்லையே.

ஒரு ஞாயித்துக்கெழம, கொழந்தைக்கு நாப்பத்தஞ்சு நாளு ஆயிருந்துச்சு, லாயிட்டு வந்தாரு. இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெயோ என்னமோ தடவி வழிச்சு வாரியிருந்தாரு. துளசிமணி ரவா கேசரி கிண்டி வெச்சுருந்தா. பிருந்தா கொழந்தைய மடில வெச்சுக்கிட்டு ஒக்காந்துருந்தா. லாயிட்டு கீழ மண்டி போட்டு ஒக்காந்து, சட்டப் பையிலிருந்து அந்த உறைய எடுத்து, உறைக்குள்ளிருந்து நோட்ட எடுத்து, கொழந்த உள்ளங்கையில வெச்சாரு தம்பி. உறைய விட்டு வெளிய, வெறும் நோட்டு. கொழந்த என்னங்க பண்ணும்? கப்புனு புடிச்சுக்கிச்சு. புடிச்சுக் கசக்குது. கையெல்லாம் எச்சி.

லாயிட்டு கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு என்னமோ சொன்னாரு. பிருந்தாதான் அவங்கம்மாளுக்கு எடுத்துச் சொன்னா. எனக்கு யாருமில்ல, இந்தூரு பேரு போட்ட காயிதம் இந்தூருல பொறந்த புள்ளைகிட்ட இருக்கட்டும்னாராம். பிருந்தாவும் அழுதா, துளசிமணியும் முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டா. நான் மட்டுந்தான் அந்தப் புள்ள வெரலு ஒண்ணொண்ணாப் பிரிச்சு நோட்ட வெளிய எடுத்தேன். வலது மூலைல ஒரு கசங்கல். அதோட தப்புச்சுது.

நீங்களே சொல்லுங்க. நாப்பத்தஞ்சு நாள் கொழந்தைக்கு மூணு டாலர் நோட்டுன்னா என்ன தெரியும்? பிருந்தாவுக்குத்தான் என்ன தெரியும்? நோட்டோட அரும தெரிஞ்சவன் அந்த ஊட்டுல நான் ஒருத்தன். லாயிட்டு அதை எனக்குத்தானுங்க குடுத்தாரு. நேரா எங்கிட்ட நீட்டக் கூச்சப்பட்டுக்கிட்டு, கொழந்த கைவழியாக் குடுத்தாரு. நான் இன்னிக்கும் அப்படித்தான் நெனைக்கறேன்.

கொழந்த யாழினிக்கு வந்த காசையெல்லாம் துளசிமணி ஒரு மஞ்சத் துணிப்பைல போட்டு, பீரோவுல வெச்சுருந்தா. கொலுசு வாங்கறதுக்குன்னு. பத்து டாலரு, இருவது டாலரு, அதுக்குள்ள நாலா மடிச்சு இதையும் திணிச்சுருந்தா. நாங்க கெளம்பறதுக்கு மொத நாளு, எல்லாரும் கடைக்குப் போயிருந்தாங்க. நான் அந்தப் பையத் தொறந்தேன். மூணு டாலர எடுத்தேன். எடுத்த எடத்த நான் காலியா உடறவனுங்களா? மாப்ள குடுத்த நூறு டாலரு அப்படியே பத்தரமா இருந்துச்சு, அதை வெச்சேன். மூணு எடுத்து நூறு வெச்சேன் தம்பி. என்ற பேத்திக்குத் தொண்ணூத்தேழு டாலரு லாபம்.

ஊருக்கு வந்து நல்ல உறை வாங்கிப் போட்டு, மடிப்பெல்லாம் நிமித்தி வெச்சேன். ஏழெட்டு மாசம் அதப் பத்தி ஒரு பேச்சில்ல. வாராவாரம் பிருந்தா வீடியோவுல வருவா, யாழினி தாத்தா தாத்தான்னு போனு மேல எச்சி துப்பும். அப்பறம் அதுக்கு மொதப் பொறந்தநாளு வந்துச்சு. லாயிட்டையும் கூப்புட்டுருக்கறாங்க. மனுசன் கேக் சாப்புட்டுட்டு, அந்த நோட்டோட கொழந்தைய வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்னு கேட்டுருக்கறாரு. வேறொண்ணும் கேக்கலை.

பைய அவுத்துப் பாத்தா இல்லை. வந்தவங்க முன்னாடி பையக் கவுத்துக் கொட்டித் தேடியிருக்கறாங்க. நூறு டாலரு இருக்குது, அது எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியலை. வித்துட்டாங்கன்னு லாயிட்டு நெனச்சுருப்பாராட்ட இருக்குது. பரவால்ல, வெறும் காயிதந்தானேன்னு சொல்லிட்டு, சீக்கிரமே எந்திரிச்சுப் போயிட்டாராம். அதுக்கப்பறம் அவங்க ஊட்டுப் பக்கம் வரலை. பிருந்தாவும் மாப்ளயும் பத்து நாளு ஊட்டத் தலகீழாப் போட்டுத் தேடியிருக்கறாங்க. பொறவு எங்களுக்குப் போன் பண்ணி அழுதா. பெரியவரு மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு தெரியலீங்கம்மான்னு அவங்கம்மாகிட்ட அழுவறா.

நான் போன வாங்கி, "ஏங் கண்ணு அழுவற, அது பத்தரமா எங்கிட்ட இருக்குது"ன்னு சொன்னேன். சந்தோசப்படுவான்னு நெனச்சேனுங்க. நூறு டாலர் வெச்சதையும் சொன்னேன். லைன் கட்டாயிருச்சோன்னு ரெண்டு தடவ அலோ அலோன்னேன்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனுங்கப்பா"ன்னா.

அவ்வளவுதான். அதுக்கப்பறம் நான் போன எடுத்தா, அம்மாகிட்டக் குடுங்கம்பா. வீடியோவுல துளசிமணி மொகம் மட்டுந்தான் தெரியோணும். நான் பின்னால வந்து நின்னா, கொழந்த தூங்கப் போறான்னு வெச்சுருவா. ரெண்டு வருசமுங்க. யாழினி இப்ப முழுசாப் பேசறாளாம், பாட்டெல்லாம் பாடறாளாம். துளசிமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். லாயிட்டுக்கு ஒரு லெட்டர் எழுதலாம்னு ஒக்காருவேன். அன்புள்ளன்னு போட்டுட்டு என்ன எழுதறதுன்னு தெரியாம மூடி வெச்சுருவேன்.

நேத்துத்தான் துளசிமணி சொன்னா. அந்த நோட்ட எங்கிட்டக் குடுங்க, நான் கொண்டுபோயி அவகிட்டக் குடுத்துட்டு, பொறக்கற புள்ளையப் பாக்க உங்களுக்கும் ஒரு டிக்கெட் போடச் சொல்றேன், அவ மறுக்க மாட்டா, நான் பேசிட்டேன்னா. சரின்னேன். மனசாரத்தான் சரின்னேன் தம்பி, சத்தியமா. எனக்கு வயசு அறுவத்தெட்டு. இந்த நோட்டுப் பகையத் தூக்கிச் சொமக்க இனிமே எனக்குத் தெம்பில்ல. சுருக்கமாச் சொன்னா, அலுத்துப்போச்சு.

இன்னிக்கு ஏர்போர்ட்டு வாசல்ல, உறையோட எடுத்துக் குடுத்தேன். அவ கைப்பை சின்னது. உறை உள்ள போகலை. தள்ளிப் பாத்தா, சாச்சுப் பாத்தா. அப்பறம் உறையிலிருந்து நோட்ட உருவி, கோயில் குங்குமப் பொட்டலம் வெச்சுருக்கற சுருக்குப்பைல வெக்கலாம்னு மடிச்சா. என்ற கண்ணு முன்னாடி. மாட்டு முதுகு மேலயே மடிப்பு விழுகுது. ரெண்டாவது மடிப்பு மடிக்கறதுக்குள்ள புடுங்கிட்டேன்.

நானாப் புடுங்கல தம்பி, கை புடுங்கிருச்சு. அவ கண்ணாடி வளையல் ஒண்ணு ஒடஞ்சு கீழ விழுந்துச்சு. வளையல்தானுங்க, பத்து ரூவா. வாசல்ல நின்ன போலீஸ்காரரு என்னன்னு பாத்தாரு. நான் நோட்ட உறைல போட்டுக்கிட்டு, வேற நல்ல பைல வெச்சுக் குடுக்கறேன் இருன்னேன். அவ கையத் தொடச்சுக்கிட்டா. சாமான் வண்டியத் திருப்பிப் புடிச்சா. அடுப்பு மேல சாப்பாடு மூடி வெச்சுருக்கறேன், சூடு பண்ணிச் சாப்புடுங்கன்னா. உள்ள போயிட்டா. திரும்பிப் பாப்பாளான்னு கண்ணாடிகிட்ட நின்னு பாத்தேன். வரிசைல பொம்பளைங்க எல்லாம் ஒண்ணாட்டவே தெரியறாங்க.

கேளுங்க, இன்னும் முடியலை. உக்கடத்துல டீக்கடைல ஒக்காந்துருந்தேன்னு சொன்னேனில்லீங்களா. பதினோரு மணிக்குப் போன் வருது. பாத்தா பிருந்தா. என்ற நம்பருக்கு. ரெண்டு வருசத்துல மொதத் தடவ. அங்க ராத்திரி ஒண்ணரை மணி, புள்ளத்தாச்சி தூங்காம ஒக்காந்துருக்கறா. அம்மா போன் போகமாட்டேங்குது, ஏறிட்டாங்களான்னு கேட்டா. பத்தரைக்கே பொறப்பட்டுருச்சு கண்ணுன்னேன்.

"அம்மாகிட்டக் குடுத்துட்டீங்களாப்பா?"

இல்லைன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். குடுத்துட்டேன் கண்ணுன்னு வந்துருச்சு.

அழுதுட்டா தம்பி. எனக்குத் தெரியும்ப்பா, நீங்க குடுத்துருவீங்கன்னு தெரியும்னு சொல்லிச் சொல்லி அழுவறா. காலைலயே லாயிட்டுத் தாத்தாவப் போயிப் பாக்கறேங்கறா. மாப்ளகிட்டச் சொல்லி டிக்கெட் பாக்கறேங்கறா. மாத்தரை ஒழுங்காப் போடறீங்களாங்கறா. ரெண்டு வருசத்துக்குச் சேத்துப் பேசுனா. கடைசில, பாப்பா தூங்கறா, காலைல எந்திரிச்சதும் மொத வேலையா உங்களுக்குப் போன் போட்டுத் தர்றேன், தாத்தாவுக்குப் பாட்டுப் பாடிக் காட்டச் சொல்றேன்னா. நான் சரி கண்ணு, சரி கண்ணுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். டீக்கடைக்காரரு வந்து, ஏனுங்க, ஒடம்புக்கு என்னன்னு கேட்டாரு.

துளசிமணி இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலைன்னு தெரியுது. அவ அப்படித்தான். முப்பத்தாறு வருசத்துல என்னை ஒருத்தருகிட்டயும் காட்டிக் குடுத்ததில்ல. ஆனா ப்ளேன் மாற அபுதாபில எறங்குனதும் பேசறேன்னு மககிட்டச் சொல்லியிருக்கறா. மக மொதல்ல அதைத்தானே கேப்பா. பொய் சொல்ல அவளுக்கு வராது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கும்பாங்க. என்றது எட்டு மணி நேரங்கூடத் தாங்காது.

கொண்டாங்க, நோட்ட உள்ள வெச்சுக்கறேன். பாத்தாச்சில்லீங்களா. நடுவுல தெரியறதுதான் இன்னிக்கு விழுந்த மடிப்பு.

நான் டீக்கடைலயே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன் தம்பி. அபுதாபில நம்ம நேரத்துக்கு மூணு மணிக்கு எறங்குமாம். யாழினி அங்க காலைல ஏழு மணிக்குத்தான் கண்ணு முழிப்பாளாம், அது நமக்குச் சாயங்காலம் நாலரை. அந்த ஏரோப்ளேனு இன்னிக்கு ஒருநாளு, ரெண்டு மணி நேரம் தாமசமாப் போய்ச் சேந்தாப் போதுங்க. நான் அந்தப் புள்ள பாடறதக் கேட்டுருவேன்.